மாமாவுக்குப் பழகிய சத்தம்: ‘பிளைண்டிங் லைட்ஸ்’ கொழும்பில் கேட்ட விதம்

2020 ஏப்ரலில் ஒரு மாலை. கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் மச்சாள் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ போட்டிருந்தாள். அவளும் இரண்டு பிள்ளைகளும் வீட்டுக் கூடத்தில் வரிசையாக நின்று ஆடுகிறார்கள். கால் மாற்றி, கை வீசி, மூன்று பேரும் ஒரே மாதிரி. கொழும்பில் அப்போது ஊரடங்கு. காலி வீதியில் நூறாம் இலக்க பஸ் ஓடவில்லை. வெள்ளவத்தையில் வழக்கமாக இரவு பத்து மணிக்குப் பிறகுதான் கேட்கும் கடல் சத்தம் பகலிலேயே வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. நான் போனின் சத்தத்தைக் கூட்டினேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த மாமா தலையைத் திருப்பினார்.

“இது எங்கட காலத்துப் பாட்டெல்லே?”

“இல்லை மாமா. போன வருசக் கடைசியிலதான் வந்தது.”

“சும்மா சொல்லாதை. இந்தக் கீபோட் சத்தம் எனக்குத் தெரியும்.”

வருசத்தைப் பற்றி அவர் சொன்னது பிழை. சத்தத்தைப் பற்றிச் சொன்னது பிழையில்லை. அந்த மாலைக்குப் பிறகு இந்தப் பாட்டைப் பற்றி வாசித்ததையும், வீட்டிலும் வெளியிலும் கேட்டதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஏனென்றால் உலகம் முழுக்க ஓடிய இந்தப் பாட்டு கொழும்புத் தமிழர் காதில் விழுந்த விதத்துக்கு ஒரு தனிக் கதை இருக்கிறது.

பாட்டின் பெயர் ‘பிளைண்டிங் லைட்ஸ்’. பாடியவர் ‘த வீக்கெண்ட்’ என்ற மேடைப் பெயர் கொண்ட ஏபெல் டெஸ்ஃபாயே. 2019 நவம்பர் 29 ஆம் தேதி சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டாக, வெளிவந்தது. சுவீடன்காரர்களான மக்ஸ் மார்ட்டினும் ஒஸ்கார் ஹோல்ட்டரும் பாடகரோடு சேர்ந்து தயாரித்தார்கள். மக்ஸ் மார்ட்டின் தொண்ணூறுகளின் பின்பாதியிலிருந்து அமெரிக்க பொப் உலகின் முதலிடப் பாட்டுகளில் பெரும் பங்குக்குப் பின்னால் நிற்பவர். வெளிவந்தபோது இது முதன்மைப் பாட்டாகவே இருக்கவில்லை. இரண்டு நாளுக்கு முன்பு அதே பாடகரின் இன்னொரு சிங்கிள் வந்திருந்தது, முதலில் முதலிடத்தைப் பிடித்தது அதுதான். இதைப் பலர் முதலில் கேட்டது ஒரு மெர்சிடிஸ் பென்ஸ் கார் விளம்பரத்தில். அங்கிருந்து இது ஏறிய ஏற்றம் மெதுவானது. அமெரிக்காவின் பில்போர்ட் ‘ஹொட் 100’ பட்டியலில் முதலிடத்துக்கு வர 2020 ஏப்ரல் வரை எடுத்தது.

இந்தப் பாட்டு அடங்கிய அல்பம் வெளிவந்தது 2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை. அதே வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குத்தான் இலங்கை முழுவதும் ஊரடங்கு போட்டார்கள். மற்ற மாவட்டங்களில் இடைக்கிடை தளர்த்தினார்கள், கொழும்பிலோ மே மாதக் கடைசி வரை இழுத்தது. தற்செயல்தான், ஆனால் எனக்கு அந்த இரண்டும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டுவிட்டன. இரவில் தனியாகக் காரோட்டிக்கொண்டு ஒருவரைப் பார்க்கப் போகிற மனசு, நிதானத்தில் இல்லாத கண்ணில் கூசும் தெரு விளக்குகள், இதுதான் பாட்டின் பொருள். அதைக் கேட்ட நாங்களோ வாசற்கதவைத் தாண்ட முடியாமல் இருந்தோம். பல்கனியில் நின்றால் காலி வீதியின் விளக்குகள் வரிசையாக எரிவது தெரியும், அவற்றின் கீழே ஒரு வாகனமும் இல்லை.

சத்தத்துக்கு வருவோம். மாமா எதைக் கேட்டு ஏமாந்தார்?

முதலில் வேகம். இந்தப் பாட்டு நிமிடத்துக்கு 171 தாள அடி ஓடுகிறது. ஆட்டத்துக்கான பொப் பாட்டுகள் பெரும்பாலும் 120க்கும் 130க்கும் இடையில் நிற்கும். அப்படியானால் இது மூச்சு வாங்க வைக்கும் பாட்டாக இருக்க வேண்டும், ஆனால் அப்படித் தோன்றுவதில்லை. தாளம் மேல்காலத்தில் ஓட, அதற்கு மேலே பாடும் குரல் கீழ்க்காலத்தில் நீண்டு நிற்கிறது. மிருதங்கக்காரர் இரட்டிப்பில் வாசித்துக்கொண்டிருக்க, பாடுபவர் அவசரமில்லாமல் ஒரு வரியை இழுத்துப் பாடுவதைச் சபாவில் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. கால் ஓடுகிறது, மனசு ஓரிடத்தில் நிற்கிறது. தனிமையைப் பற்றிய ஒரு பாட்டை ஆட்டப் பாட்டாக மாற்றியதில் பாதி வேலை இந்த ஏற்பாட்டினுடையது.

அப்புறம் கோட்ஸ், அதாவது ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள். முழுப் பாட்டும் நான்கே நான்கு கோட்ஸில் சுற்றுகிறது: எஃப் மைனர், சி மைனர், ஈ ஃபிளட் மேஜர், பி ஃபிளட் மேஜர். இந்த நான்கிலும் உள்ள சுரங்களைப் பிரித்துப் போட்டு, எஃப் சுரத்தைச் சட்ஜமாக வைத்துப் பாருங்கள். சதுஸ்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், பஞ்சமம், சதுஸ்ருதி தைவதம், கைசிகி நிஷாதம். எங்கள் கணக்கில் அது கரகரப்பிரியா ராகத்தின் சுரங்கள். இது கரகரப்பிரியாவில் அமைந்த பாட்டு என்று நான் சொல்லவில்லை. ராகம் என்பது சுரங்களின் பட்டியல் மட்டுமல்ல, சுரத்தை அசைக்கும் கமகமும் சுரங்கள் நடக்கும் வழியான சஞ்சாரமும் இல்லாமல் ராகம் இல்லை. ஆனால் அந்தத் தைவதத்தைக் கவனித்துக் கேட்க வேண்டும். முதல் மூன்று கோட்ஸிலும் அது இல்லை. நான்காவதில்தான் வருகிறது. அங்கே பி ஃபிளட் மைனரைப் போட்டிருந்தால் சுத்த தைவதம் வந்து பாட்டு நடபைரவி ராகத்தின் பக்கம் சாய்ந்து முழுச் சோகமாகியிருக்கும். மேஜர் போட்டதால் ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் ஒரு சன்னல் திறந்து, வெளிச்சம் பட்டு, மறுபடி மூடிக்கொள்கிறது. பாட்டில் என்னை இன்னும் கட்டிப்போடுவது அந்த இடம்தான்.

மூன்றாவது, மாமா சொன்ன அந்தக் கீபோட். எண்பதுகளின் சத்தம் என்று இன்று உலகம் அடையாளம் காண்பது உண்மையில் நான்கைந்து ஆண்டுகளுக்குள் கடைகளுக்கு வந்த சில யந்திரங்களின் சத்தம். ரோலண்ட் நிறுவனத்தின் டி.ஆர் 808 ட்ரம் யந்திரம் 1980 இல் வந்தது. அதே நிறுவனத்தின் ஜூப்பிட்டர் 8 1981 இலும் ஜூனோ 60 1982 இலும் வந்தன. யமஹாவின் டி.எக்ஸ் 7 1983 இல் வந்தது. வெவ்வேறு நிறுவனங்களின் யந்திரங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் மிடி என்ற பொது முறையும் அதே 1983 இல்தான் நடைமுறைக்கு வந்தது. ட்ரம்ஸுக்கும் ஒரு கதை உண்டு. 1980 அளவில் லண்டன் ஸ்டூடியோ ஒன்றில் பீட்டர் கேப்ரியலின் அல்பத்துக்கு ஃபில் கொலின்ஸ் வாசித்துக்கொண்டிருந்தபோது, ஒலிப்பதிவாளர் ஹியூ பட்ஜம் ட்ரம்ஸின் பெரிய எதிரொலியை நடுவில் சட்டென்று வெட்டி நிறுத்தும் ஒரு முறையைப் பிடித்தார். பெரிய மண்டபத்தில் அடித்த அடி போல அது எழும்பும், அடுத்த கணம் சுவர் எழும்பி மறைத்தது போல நின்றுவிடும். அந்தப் பத்தாண்டு முழுவதும் எல்லாரும் அதைப் பின்பற்றினார்கள். ‘பிளைண்டிங் லைட்ஸ்’ கேட்கும்போது இந்தப் பழக்கங்கள் எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வருகின்றன: சொல்லில்லாமல் கீபோட்டிலேயே பாடிவிடும் அந்த முன்னிசை, விடாமல் துடிக்கும் பேஸ், நடுவில் அறையும் ட்ரம்ஸ், குரலைச் சுற்றி ஒரு பெரிய வெளி.

நோர்வேயின் ‘ஆ-ஹா’ குழுவின் 1985 ஆம் ஆண்டுப் பாட்டு ‘டேக் ஒன் மீ’யை இது நினைவூட்டுகிறது என்று பலரும் சொன்னார்கள். உண்மைதான், வேகம்கூட ஏறக்குறைய ஒன்றே. சிலர் அதைத் திருட்டு என்றார்கள், அது சரியில்லை. பழைய ஒலிப்பதிவின் ஒரு துண்டை எடுத்து ஒட்டினால் அது சாம்பிள், அதற்கு அனுமதியும் காசும் வேண்டும். பழைய மெட்டை மறுபடி வாசித்தாலும் அப்படியே. இங்கே இரண்டும் இல்லை. எடுக்கப்பட்டது ஒரு காலத்தின் பாணி. பாணிக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஒரு நாதஸ்வரக்காரர் இன்னொருவரின் பாணியில் வாசித்தால் நாங்கள் வழக்குப் போடுவதில்லை, யாரிடம் கேட்டுப் பழகினார் என்று விசாரிப்போம்.

கொழும்பு விஷயத்துக்கு இனிமேல்தான் வருகிறேன்.

எழுபதுகளில் இலங்கைத் தமிழருக்கென்று ஒரு பொப் இசை இருந்தது. பொப்பிசை என்றும் துள்ளிசை என்றும் சொன்னார்கள். நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் போன்றவர்கள் கிற்றாரும் பொங்கோவும் பைலா நடையுமாகத் தமிழில் பாடினார்கள். ‘சின்ன மாமியே’, ‘சுராங்கனி’ என்ற பெயர்களைச் சொன்னால் இன்றும் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் மூன்று தலைமுறையும் சேர்ந்து பாடும். அந்தப் பாட்டுகளின் கட்டமைப்பு இந்த மண்ணுடையது. மேற்கத்திய வாத்தியம், போர்த்துக்கேயர் காலத்தின் மிச்சமான பைலா, யாழ்ப்பாணத்துக் கிண்டல், கொழும்பின் மும்மொழிப் பேச்சு எல்லாம் அதற்குள் இருந்தன. மேடை இருந்தது, வாத்தியக் குழுக்கள் இருந்தன, இலங்கை வானொலி இருந்தது.

1977 இல் திறந்த பொருளாதாரம் வந்தது. புறக்கோட்டைக் கடைகளில் ஜப்பான் ரேப் றெக்கோடர்கள் குவிந்தன. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்களும் வரும்போது ஒன்றைக் கொண்டு வந்தார்கள். 1979 இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982 இல் ரூபவாஹினியும் தொடங்கின. றெக்கோடிங் பார் என்று கடைகள் இருந்தன. விரும்பிய பாட்டுகளை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தால் இசைத்தட்டிலிருந்து கசட்டில் பதிந்து தருவார்கள். மாமா அப்போது பம்பலப்பிட்டியில் ஒரு அறையில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். சம்பள நாளில் ஒரு வெற்றுக் கசட், அதற்குப் பதியக் கூலி. அப்படி முப்பது நாற்பது கசட் சேர்த்திருந்தாராம்.

சிந்தசைசர் கீபோட்டை வைத்துச் செய்த மேற்கத்திய சிந்த் பொப் உச்சத்தில் நின்ற ஆண்டு எது என்று கேட்டால் பலர் 1983 ஐச் சொல்வார்கள். டி.எக்ஸ் 7 வந்த ஆண்டு, மிடி வந்த ஆண்டு. கொழும்புத் தமிழரிடம் 1983 என்று சொன்னால் யாரும் கீபோட்டை நினைக்க மாட்டார்கள். ஜூலையின் கடைசி வாரத்தில் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. மாமா உடுத்த உடுப்போடு அகதி முகாமுக்குப் போய், அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனார். ரேப் றெக்கோடரும் கசட்டுகளும் அந்த அறையோடு போயின.

எங்கள் பொப் இசையின் வரலாறும் அங்கே முறிகிறது என்று நான் நினைக்கிறேன். எழுபதுகளில் கிற்றாரை எடுத்துத் தமிழுக்குப் பழக்கியவர்கள், எண்பதுகளில் சிந்தசைசரையும் எடுத்துப் பழக்கியிருப்பார்கள். பழக்காமல் விட அவர்களுக்குக் காரணம் இல்லை. ஆனால் அந்த யந்திரங்கள் கைக்கெட்டும் விலைக்கு வந்த அதே ஆண்டுகளில்தான் கொழும்பிலிருந்த கலைஞர்களும் வாத்தியக் குழுக்களும் கேட்பவர்களும் சிதறினார்கள். மனோகரன் சென்னையில் வாழ்ந்து 2018 இல் அங்கேயே காலமானார். நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவில் குடியேறினார். இப்படியொரு சிந்த் பொப் எங்களுக்கென்று வந்திருக்க வேண்டும். வந்த தடயம் இல்லை.

அந்த இடத்தை நிரப்பியது சென்னை. இளையராஜா 1986 இல் ‘புன்னகை மன்னன்’, ‘விக்ரம்’ படங்களில் கணினியும், சுரங்களைப் பதிந்து தானாக வாசிக்கவைக்கும் சீக்வென்ஸரும் கொண்டு செய்த வேலைகள் கசட்டில் கடல் தாண்டி வந்தன. மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேப் கேட்ட கதை எங்கள் தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். ஆக, “இந்தக் கீபோட் சத்தம் எனக்குத் தெரியும்” என்று மாமா சொன்னபோது அவர் நோர்வேக் குழுவையோ லண்டன் ஸ்டூடியோவையோ நினைக்கவில்லை. பம்பலப்பிட்டி அறையில் கேட்ட கடைசிக் கசட்டுகளும், பிறகு டைனமோவில் கேட்ட ராஜாவின் பாட்டுகளும் அவருக்கு ஒரே சத்தமாகச் சேர்ந்து கிடந்திருக்கின்றன.

‘ரெட்ரோ’ என்ற சொல்லை இந்தப் பாட்டைப் பற்றி எழுதிய எல்லாரும் பயன்படுத்தினார்கள். பழைய காலத்தின் மீது ஏக்கம் என்று அதை விளக்கினார்கள். அமெரிக்காவில் அது சரியாக இருக்கலாம். அங்கே எண்பதுகள் என்றால் நியோன் விளக்கு, விளையாட்டு யந்திரக் கூடம், நீண்ட நெடுஞ்சாலை என்று ஒரு படம் தொலைக்காட்சித் தொடர்களாலும் சினிமாவாலும் ஏற்கனவே வரையப்பட்டுவிட்டது. கொழும்புத் தமிழருக்கு அந்தக் காலத்தின் மீது ஏக்கம் வர முடியாது. யாரும் 1983 க்குத் திரும்பிப் போக விரும்புவதில்லை. ஆனால் அந்தக் காலத்தின் சத்தத்தின் மீது ஏக்கம் வரலாம், வருகிறது. காலத்தையும் சத்தத்தையும் பிரித்துக் கொடுத்ததுதான் எங்களுக்கு இந்தப் பாட்டு செய்த காரியம். எண்பதுகளின் சத்தம் இருக்கிறது, எரிந்த தெரு இல்லை. அப்படிக் கேட்பதில் ஒரு நிம்மதி உண்டு. அதைக் குறையாக நான் பார்க்கவில்லை.

பாடியவரின் கதையும் இதற்குத் தூரமில்லை. டெஸ்ஃபாயே 1990 இல் ரொறொன்ரோவில் பிறந்தவர். எண்பதுகளின் ஒரு நாளைக்கூட அவர் வாழவில்லை. பெற்றோர் எத்தியோப்பியாவிலிருந்து குடிபெயர்ந்தவர்கள், வீட்டில் அவர் முதலில் பேசிய மொழி அம்ஹாரிக். எத்தியோப்பியாவின் எண்பதுகள் என்றால் இராணுவ ஆட்சியும் 1984 இன் பெரும் பஞ்சமும்தான். நியோன் விளக்கும் நெடுஞ்சாலையும் அவர் குடும்பத்தின் நினைவிலும் இருந்திருக்காது. அவரும் கேட்டு, பார்த்து, எடுத்துக்கொண்ட எண்பதுகள்தான் பாட்டில் இருப்பது. அவர் வளர்ந்த இடம் ஸ்காபரோ. அந்தப் பெயரைக் கேட்டால் வெள்ளவத்தையில் எந்த வீட்டிலும் ஒரு உறவினரின் முகம் வரும். அம்மாவும் அம்மம்மாவும் சேர்ந்து வளர்த்த பிள்ளை அவர். அம்மம்மாவின் மொழியிலேயே பேச்சைத் தொடங்கிய பிள்ளைகள் எங்கள் சொந்தத்திலும் அந்த ஊரில் எத்தனையோ பேர். தொற்றுக்காலத்தில் 2020 ஜூனில் அவர் ஸ்காபரோ மருத்துவமனைகளுக்கு ஐந்து இலட்சம் கனேடிய டொலர் கொடுத்தபோது, அந்தச் செய்தியை எங்கள் குடும்பக் குழுவில் போட்டது ஆட்ட வீடியோ போட்ட அதே மச்சாள்தான்.

அந்த ஆட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 மார்ச், ஏப்ரலில் டிக்டொக்கில் இந்தப் பாட்டின் முன்னிசைக்குக் குடும்பமாக ஆடும் பழக்கம் பரவியது. முன்னிசையில் சொல் இல்லாததால் மொழி தேவைப்படவில்லை. அசைவுகள் எளிதாக இருந்தன, பாட்டியும் பேரனும் சேர்ந்து ஆடலாம். வெளியே போக முடியாத நாட்களில் கூடம் ஒன்று போதும். மருத்துவமனை ஊழியர்களும் தீயணைப்புப் படையினரும்கூட ஆடினார்கள். பட்டியலில் மெதுவாக ஏறிக்கொண்டிருந்த பாட்டை மேலே தள்ளியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. இந்தியா 2020 ஜூன் கடைசியில் டிக்டொக்கைத் தடை செய்தது. இலங்கையில் தடை வரவில்லை. அதனால் அந்த ஆண்டின் பின்பாதியில் சென்னைப் பிள்ளைகளுக்கு மூடிய ஒரு மேடை கொழும்புப் பிள்ளைகளுக்குத் திறந்தே இருந்தது. சினிமாப் பாட்டு எது என்று சென்னை முடிவு செய்து அனுப்ப, நாங்கள் கேட்டுப் பழகிய நீண்ட வழக்கத்தில் இது ஒரு சின்ன மாற்றம்.

இன்னொரு விஷயம். ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு வந்தது 2021 பெப்ரவரியில். அதாவது இந்தப் பாட்டு உலகப் பட்டியல்களில் ஓடிக்கொண்டிருந்த முதல் ஆண்டு முழுவதும் கொழும்பில் கேட்டவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. யூடியூப்பில் கேட்டோம், ஆங்கில எஃப்.எம் ஒலிபரப்புகளில் கேட்டோம், யாரோ அனுப்பிய எம்.பி.3 இல் கேட்டோம். வீடியோவையும் பலர் பார்த்தார்கள். அன்ரன் டம்மி இயக்கி லாஸ் வேகஸில் எடுத்தது. சிவப்புக் கோட், இரத்தம் வழியும் முகம், சிரிப்பு, இரவு. என் அம்மா அரை நிமிடத்துக்கு மேல் பார்க்க மறுத்துவிட்டார், பாட்டை மட்டும் வை என்றார்.

எண்கள் பெரியவை. ‘ஹொட் 100’ இல் முதலிடத்தில் நான்கு வாரம்தான் இருந்தது. ஆனால் முதல் பத்துக்குள் 57 வாரம், பட்டியலில் மொத்தம் 90 வாரம். அந்த நேரத்தில் இரண்டுமே சாதனை, பின்னால் வந்த பாட்டுகள் தாண்டிவிட்டன. 2021 நவம்பரில் பில்போர்ட், 1958 இல் தொடங்கிய அந்தப் பட்டியலின் முழு வரலாற்றிலும் முதலாவது பாட்டு இதுதான் என்று அறிவித்தது. அதுவரை அந்த இடத்தில் சபி செக்கர் பாடிய ‘த ட்விஸ்ட்’ இருந்தது. ஸ்பொட்டிஃபையில் 400 கோடி முறை கேட்கப்பட்ட முதல் பாட்டும் இதுவே, 2024 ஜனவரியில். முதலிட வாரங்களின் எண்ணிக்கையைவிட அந்த 90 வாரங்கள்தான் எனக்கு முக்கியமாகத் தெரிகின்றன. ஒரு பருவத்துப் பாட்டு அப்படி நிற்காது.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்க, 2020 நவம்பர் 24 அன்று கிராமி விருதுகளுக்கான பரிந்துரைகள் வெளியாயின. ‘பிளைண்டிங் லைட்ஸ்’ ஒரு பிரிவிலும் இல்லை. அல்பமும் இல்லை. டெஸ்ஃபாயே கிராமி அமைப்பு ஊழல் நிறைந்தது என்று பகிரங்கமாகச் சொன்னார். முக்கிய பிரிவுகள் பலவற்றில் உறுப்பினர்களின் வாக்குக்குப் பிறகு ஒரு சிறு குழு இரகசியமாகக் கூடி இறுதிப் பட்டியலைத் தீர்மானிக்கும் முறை அங்கே இருந்தது. யார் அந்தக் குழுவில் என்று வெளியே தெரியாது. கோபம் அந்த முறையின் மீது திரும்பியது. இனிமேல் தன் பாட்டுகளைக் கிராமிக்கு அனுப்பப் போவதில்லை என்று அவர் 2021 மார்ச்சில் அறிவித்தார். ஏப்ரல் 30 அன்று அந்த அமைப்பு பெரும்பாலான பிரிவுகளில் இரகசியக் குழுக்களை ஒழித்தது. 2025 பெப்ரவரியில் அவர் கிராமி மேடையில் மறுபடி பாடினார். இதற்கிடையில் 2021 பெப்ரவரி 7 இல் அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின் இடைவேளை நிகழ்ச்சி முழுவதும் அவருடையதாக இருந்தது. அதை அவர் முடித்தது இந்தப் பாட்டோடு.

விருது கிடைக்காதது பாட்டின் தரத்தைப் பற்றிய தீர்ப்பு அல்ல என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கதவை மூடிக்கொண்டு தேர்வு செய்யும் ஒரு முறை விழுந்ததற்கு ஒரு பொப் பாட்டு காரணமானது பெரிய விஷயம். எங்கள் ஊரிலும் கலைஞர்களுக்கு விருது கொடுக்கும் குழுக்கள் உண்டு, அவற்றிலும் யார் எப்படித் தீர்மானித்தார்கள் என்று வெளியே தெரிவது அரிது.

பாட்டை விமர்சித்தவர்களும் இருந்தார்கள். பொப் இசை புதிதாகச் சத்தம் கண்டுபிடிப்பதை விட்டுவிட்டுப் பழைய அலுமாரியைக் கிளறுகிறது என்பது அவர்களின் கவலை. இந்தக் கவலையை நான் மதிக்கிறேன். 2020 க்குப் பிறகு வந்த எத்தனையோ பாட்டுகளில் அதே துடிக்கும் பேஸும் அதே கீபோட்டும் வெறும் பூச்சாக வந்தன. கொழும்பில் வீட்டு அறைகளில் பாட்டுச் செய்யும் தமிழ்ப் பிள்ளைகள் சிலரை எனக்குத் தெரியும். பழைய ஜூனோ யந்திரத்தை அவர்கள் கண்ணால் கண்டதில்லை, அதைப் போலவே சத்தம் போடும் மென்பொருள் லப்டொப்பில் இருக்கிறது. ஒரு தம்பி தன் வேலையை எனக்குப் போட்டுக் காட்டினான். முன்னிசை அச்சாக லாஸ் வேகஸ் இரவு. நான் அவனிடம் நித்தி கனகரத்தினத்தைக் கேட்டிருக்கிறாயா என்று கேட்டேன். “கல்யாண வீட்டிலதானே அண்ணா அதெல்லாம்” என்றான். அவன் மேல் பிழையில்லை. எங்களுடைய தொடர்ச்சியை அவனுக்கு யாரும் கொடுக்கவில்லை. ஆனால் பைலாவின் ஆறடி நடைக்கு மேலே அந்த ஜூனோவின் சத்தத்தை வைத்தால் என்ன வரும் என்று எனக்குக் கேட்க ஆசை. 1984 இல் யாராவது கொழும்பில் செய்திருக்கக்கூடிய பாட்டு அது. அவனிடம் சொன்னேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறான்.

கல்யாண மண்டபங்களில் ‘பிளைண்டிங் லைட்ஸ்’ இன்னும் வருகிறது. டிஜே வேலை செய்யும் நண்பர் ஒருவர் சொல்வார், இதை வைப்பது சுலபமில்லை என்று. மற்றப் பாட்டுகளோடு வேகம் ஒத்துப் போகாது, முன்னதை முழுவதும் இறக்கிவிட்டுத்தான் இதைத் தொடங்க வேண்டும். அந்த ஒரு கண அமைதிக்குப் பிறகு கீபோட் வந்ததும் பிள்ளைகள் ஓடி வருவார்கள், அவர்களுக்குப் பின்னால் கதிரையில் இருந்த பெரியவர்களும் எழும்புவார்கள். இரண்டு பக்கமும் வெவ்வேறு பாட்டைக் கேட்டு எழும்புகிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

மாமா அந்த ஊரடங்கு முடிவதற்குள் ஒரு வேலை செய்தார். பம்பலப்பிட்டி அறையில் இருந்த கசட் ஒன்றின் பாட்டுகளை நினைவிலிருந்து எழுதி எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினார். ஏ பக்கம் ஆறு, பி பக்கம் ஆறு. வரிசையும் போட்டிருந்தார். பதினொன்றை யூடியூப்பில் தேடிக் கொடுத்தேன். பி பக்கத்தின் கடைசிப் பாட்டுக்குச் சொல்லும் பெயரும் அவருக்கு வரவில்லை, தொடக்கத்தில் வரும் கீபோட் மட்டும் வந்தது. அதை வாயால் பாடி, குரல் பதிவாக அனுப்பியிருக்கிறார். பதினெட்டு வினாடி. போனில் வைத்திருக்கிறேன், தெரிந்தவர்களுக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.